பத்துத்தூண் சந்துல ஒரு கொலை

குழு: செல்லூர் வீடு
சனிக்கிழமை, ராத்திரி 8:12

நான்: எல்லாரும் சாப்டாச்சா. நான் ஒரு கொலைக் கதை எழுதிட்டு இருக்கேன்னு சொன்னேன்ல, பாதிக்கு மேல போயி நின்னுருச்சு, எங்க இடிக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க. பத்துத்தூண் சந்துல மாடிப்படி ஏறிப் போனா ஒரு விண்டேஜ் துணிக்கடை, பழைய பட்டு, சுங்குடி, அந்தக் காலத்துப் பஃப் கை ஜாக்கெட்டு எல்லாம் வாங்கி விக்கிறாங்க, கல்யாண போட்டோவுக்கு வாடகைக்கும் குடுப்பாங்க. ஓனரு எழுபது வயசுப் பெரியவர். எதிர்சேவை அன்னிக்கு ராத்திரி, அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முத நா, ஊரே தல்லாகுளம் பக்கம் போயிருச்சு, சந்துல ஈ காக்கா இல்ல. விடிஞ்சு வந்து பாத்தா பெரியவர் பின் ரூம்ல செத்துக் கெடக்காரு, பக்கத்துல பித்தளை இஸ்திரிப்பெட்டி

பெரியம்மா: ஆத்தி. அழகர் இறங்குற அன்னிக்கா

அண்ணே (பெங்களூரு): கொலைகாரன் யாரு, அதை மொதல்ல சொல்லு

நான்: கடையில வேலை பாக்குற தையல்காரம்மா. பழைய பட்டுல இருந்து ஜரிகைய உருவித் திருடி வித்துட்டு இருந்தாங்க, பெரியவர் கண்டுபிடிச்சுட்டாரு

சித்தப்பா: ஜரிகை நல்ல காரணந்தான் பாப்பா. அந்தக் காலத்து ஜரிகைன்னா பட்டு நூல்ல வெள்ளிக் கம்பிய சுத்தி அதுக்கு மேல தங்க முலாம் பூசுனது. அதுக்குத்தான் தெருவுல பழைய பட்டுப்புடவை எடுக்குறோம்னு கத்திட்டு வர்றான், புடவைக்காக இல்ல, எரிச்சு உருக்குனா வெள்ளி வரும்ல

சித்தி: ஏன்டி உனக்குத் தையல்காரிதான் கெடைச்சாளா

சித்தி: நான் 26 வருசமா மிஷின் மிதிக்கிறேன். ஒரு கல்யாணப் பொண்ணோட ஜாக்கெட்டு துணி மிச்சம் ஒரு சாண் இருந்தாலும் சுருட்டி கவர்ல போட்டுத்தான் குடுப்பேன், எங்க தொழில்ல துணி மிச்சத்தை எடுத்துக்கிட்டான்னு ஒரு பேச்சு வந்தா அந்தத் தெருவுல அப்புறம் ஒரு பாவாடை கூட தைக்க வராது. அதுவும் ஜரிகைய உருவுனா மறுநாளே எவளும் பாத்துருவா, பார்டர் இல்லாத பட்டை யாரு வாங்குவா. உன் கதைல அவளுக்கு வேலையும் தெரியல மானமும் இல்ல, மனசு கஷ்டமா இருக்கு எனக்கு

நான்: சித்தி சாரி சித்தி. நான் கத்திரிக்கோலை வச்சுத்தான் யோசிச்சேன், உங்களை நெனச்சு எழுதல

அம்மா: அவ சொல்றதுல நியாயம் இருக்கு, மாத்து

அம்மாச்சி: தாயி நான் பேசுறத இந்த போன் எழுதுதுன்னு உன் சித்தப்பா வச்சுக் குடுத்துருக்காக சரியா வருதான்னு பாரு எனக்கு ஒரு சந்தேகம் பழைய துணிய காசு குடுத்து யாரு வாங்குவா நம்ம வீட்டுல புடவை கிழிஞ்சா தொட்டில் கட்டுவோம் அப்புறம் பாவாடை தைப்போம் அதுவும் போனா அடுப்படிக்கு கரித்துணி அதுக்கு மேல மிஞ்சுனா எவர்சில்வர்காரன்ட்ட போட்டு ஒரு டம்ளர் வாங்குவோம் செத்தவுக புடவைய வெளியாளு கட்டுறதுன்னா எனக்கு மனசு ஒப்பல

அண்ணே (பெங்களூரு): இப்ப அதுக்குத்தான் மவுசு அம்மாச்சி. பாட்டி புடவைன்னு சொன்னா புதுசை விட வெல அதிகம்

நான்: அம்மாச்சி கேட்டதுதான் கதைக்கே வேணும்! நெசமான பழசு கெடைக்கவே கெடைக்காது, எல்லாம் தொட்டிலா கரித்துணியா போயிருச்சு, அப்ப யாரோ போலியா செய்யணும். பெரியவரோட தம்பி மகன் ஒருத்தன் இருக்கான், ஆன்லைன்ல விக்கிறது அவன் வேலை. 1958 கல்யாண செட்டுன்னு ஒரு பட்டும் ஜாக்கெட்டும் பெரிய வெலைக்கு வித்துருக்கான், புதுத்துணிய டீத் தண்ணியில முக்கிப் பழசாக்குனது. பெரியவருக்குத் தெரிஞ்சு போச்சு. எப்படித் தெரிஞ்சுச்சுங்கிறதுதான் வரல

மாமா: மருமகளே, அந்த ஜாக்கெட்டுல டெய்லர் லேபிள் உண்டா?

நான்: வைக்கலாம் மாமா. பழசு மாதிரி தெரியணும்னு அவனே எங்கயோ ஒரு லேபிளைப் பிரிச்சு ஒட்டுறான். "தையல் நிலையம், புதுமண்டபம், மதுரை" அப்படின்னு

பெரியம்மா: புதுமண்டபம் நல்லது. கிழக்குக் கோபுரத்துக்கு எதுக்கால வரிசையா மிஷின் போட்டு உக்காந்திருப்பாங்க, அளவு குடுத்துட்டு மீனாட்சியப் பாத்துட்டு வந்தா தைச்சு வச்சுருப்பாங்க. இப்ப அந்தக் கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு

அண்ணே (பெங்களூரு): நிலையம்னு இருக்குல்ல, அந்த லை! பழைய எழுத்துல யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்சு வரும். 1978ல தான எழுத்துச் சீர்திருத்தம். லேபிள்ல இப்ப இருக்குற லை இருந்தா 1958 கெடையாது, ஆள் மாட்டிக்கிட்டான்

சித்தப்பா: அது நிக்காது தம்பி. 78ல கவர்மெண்டு ஏத்துக்கிச்சு அவ்வளவுதான், பெரியார் 1935லயே தன்னோட குடியரசு பத்திரிகையில அந்த எழுத்தைப் போட்டுட்டாரு. கட்சிக்கார டெய்லரு ஒருத்தரு 58ல அப்படி லேபிள் அடிச்சிருந்தா? எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நிமிசத்துல கிழிச்சுப் போட்டுருவான்

அண்ணே (பெங்களூரு): அட ஆமால்ல

மாமா: அதான் நான் லேபிளைக் கேட்டேன். மதுரைக்குப் பக்கத்துல 625 001னு போடச் சொல்லு மருமகளே. நான் தபால்ல முப்பத்தஞ்சு வருசம் இருந்தவன், இதை எந்த வக்கீலும் அசைக்க முடியாது. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15. வேலங்கர்னு ஒரு பெரிய ஆபீசர் கொண்டு வந்தது, அவரு சமஸ்கிருதத்துல கவிதையும் எழுதுவாரு. அதுக்கு முன்னாடி மதுரை-1ன்னுதான் போடுவாங்க. ஆறு நம்பர் இருந்துச்சுன்னா அந்த லேபிள் 72க்குப் பிந்துனது, 58ல எந்தக் கட்சிக்காரனும் அதை அடிச்சிருக்க முடியாது

நான்: மாமாஆஆ

நான்: இது போதும். இது போதும் எனக்கு

அத்தை: ரெண்டு நாளா உங்க மாமா பேசாம இருந்தாக, இப்பத்தான் முகமே தெளிஞ்சிருக்கு. இன்னும் கேளு அவுகள்ட்ட

நான்: ஆனா இன்னொன்னு வேணும். லேபிளை வச்சு ஏமாத்துனான்னு தெரியும், அவன்தான் கொன்னான்னு எப்படித் தெரியும். அன்னிக்கு ராத்திரி தல்லாகுளத்துல இருந்தேன்னு சொல்றான்

பெரியம்மா: மறுநாள் அழகர் என்ன பட்டுல இறங்குனாருன்னு கேக்கட்டும். வழக்கம் போல பச்சைன்னு சொல்லுவான், அந்த வருசம் வேற கலருன்னு வச்சுக்க

அண்ணே (பெங்களூரு): பெரியவர் செத்தது முத நா ராத்திரிம்மா. அதுவும் போக டிவில லைவ் போடுறான், கொலைகாரன் டிவி பாக்க மாட்டானா

பெரியம்மா: அதுவும் சரிதான்

சித்தி: அந்தக் கடைல சுங்குடி இருக்குன்னு சொன்னல்ல

நான்: ஆமா சித்தி, முன்னாடியே தொங்கும். கட்டாத புதுச் சுங்குடி, பழைய ஸ்டாக்கு

சித்தி: கையில முடிச்சுப் போட்ட சுங்குடியா பிரிண்டா

நான்: கை முடிச்சுதான், சௌராஷ்ட்ரா வீட்டுல போட்டது. சுங்குடிக்கு 2005ல புவிசார் குறியீடு குடுத்தாங்கள்ல, அதைக் கூட ஒரு வரி எழுதி வச்சுருக்கேன்

சித்தி: அதை விடு, துணியப் பாரு. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு, ஒவ்வொன்னையும் நகத்தால கிள்ளி எடுத்து நூல் சுத்தி சாயத்துல முக்குறது. முடிச்சு பிரிச்சப்புறமும் ஒவ்வொரு புள்ளியும் சின்ன மொட்டு மாதிரி எந்திரிச்சு நிக்கும், கையத் தடவுனா சொரசொரன்னு தெரியும். விக்கிறவங்க அதை அப்படியே விட்டு வைப்பாங்க, பிரிண்டு இல்ல கைவேலைன்னு காட்டுறதுக்கு. நனைச்சு இஸ்திரி போட்டுட்டா அந்த மொட்டு அமுங்கிரும் மறுபடி வராது. தையல்காரம்மா தெனம் கடை திறந்தவுடனே அந்தப் புடவையத் தொட்டுப் பாக்குறவ. அன்னிக்குக் காலைல தொடுறா, வழவழன்னு இருக்கு. கட்டாத புடவைய ராத்திரில யாரு நனைச்சா, எதுக்கு நனைச்சா

அம்மா: எனக்கு மேலு சிலுத்துருச்சு

நான்: ரத்தத்தை அந்தப் புடவையால துடைச்சுட்டு அலசிக் காயவச்சு இஸ்திரி போட்டு அதே ஆணியில மாட்டிட்டான்!!

பெரியம்மா: எதுல அலசுனான்? வெந்நீர்லயா பச்சத்தண்ணியிலயா

நான்: ஏன் பெரியம்மா

பெரியம்மா: வெந்நீர் ஊத்துனா ரத்தக்கறை அப்படியே உறைஞ்சு பிடிச்சுக்கும். பச்சத்தண்ணி, கொஞ்சம் உப்பு. நம்ம வீட்டுப் பொம்பளைக எல்லாருக்கும் வயசுக்கு வந்த அன்னிக்கே தெரியும்

அத்தை: ஆமா

அம்மா: ஆமா

சித்தி: ஆமா. எங்க அக்காதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா

மாமா: எனக்கு அறுபது வயசுக்கு மேல ஆச்சு, இப்பத்தான் தெரியுது

நான்: அப்ப அவன் வெந்நீர்ல தான் போட்டான். வெள்ளைப் புள்ளில நாலஞ்சு மட்டும் பழுப்பா நிக்குது, போலீசுக்குச் சாயம் மாதிரி தெரியுது, தையல்காரம்மாவுக்குத் தெரியும். சித்தி, அவங்க கொலைகாரி இல்ல. அவங்கதான் கண்டுபிடிக்கிறாங்க. கதைய மொத பக்கத்துல இருந்து திருப்பி எழுதப் போறேன்

சித்தி: எழுது. அவளுக்கு ஒரு நல்ல மிஷின் குடு, மோட்டார் வச்சது

ராத்திரி 9:40

அம்மாச்சி: அந்த ஜாக்கெட்ட அவ உள்பக்கம் திருப்பிப் பாத்தாளா

நான்: லேபிளைப் பாக்குறாங்க அம்மாச்சி

அம்மாச்சி: லேபிளு கெடக்கு தாயி தையலப் பாக்கணும் கல்யாணத்துக்குத் தைச்ச ஜாக்கெட்ட நாங்க தூக்கியா போட்டோம் உள்ள நெறைய துணி விட்டுத்தான் தைக்கச் சொல்லுவோம் புள்ள பொறந்தா பிரிச்சு விடுவோம் அடுத்த புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பிரிப்போம் பட்டுல ஊசி போன ஓட்டை மூடாது வரிசையா தடம் நிக்கும் உள்ள மடிஞ்சு கெடந்த துணி மட்டும் புதுசாட்டம் கலரா இருக்கும் புள்ள பெத்தவ ஜாக்கெட்டுல பிரிச்ச தடம் இல்லன்னா அது அவ ஜாக்கெட்டே இல்ல

சித்தி: அய்யோ அம்மா. இது எனக்கே தோணல. டீத் தண்ணியில முக்குனா மொத்தத் துணியும் ஒரே கலர்ல தான இருக்கும், உள்மடிப்பும் சேத்து

மாமா: நம்ம அம்மா ஜாக்கெட்டு இருக்கா இன்னும்?

சித்தி: பீரோல இருக்கு. இருங்க எடுக்குறேன்

அம்மாச்சி: பாத்து எடு மடிப்புல இத்துப் போயிருக்கும்

சித்தி: போட்டோ

சித்தி: போட்டோ

சித்தி: பாத்தீங்களா, கக்கத்துப் பக்கம், டார்ச் அடிச்சு எடுத்துருக்கேன். மொதத் தையல் இங்க. அக்கா பொறந்தப்ப இது. அண்ணன் பொறந்தப்ப இது. நடு அக்காவுக்கு இது. என் முறைக்குத் துணியே மிச்சம் இல்லாம ஓரத்துல வேற பட்டு வச்சு ஒட்டுப் போட்டுருக்கு

அம்மா: நான் தொட்டுப் பாக்கணும் அதை

பெரியம்மா: பின்கோடு வர்றதுக்கு முன்னாடியே நாங்க மூணு பேரு பொறந்துட்டோம், அந்த ஜாக்கெட்டுக்கு எங்களையெல்லாம் தெரியும்

சித்தி: ஆனா ஒன்னு இருக்கு. அண்ணனுக்குப் பிரிச்ச தடத்துக்கும் நடு அக்காவுக்குப் பிரிச்ச தடத்துக்கும் நடுவுல ஒரு தையல் உள்ள தள்ளி இருக்கு, ரெண்டு பக்கமும். அது பிரிச்சு விட்டது இல்ல, பிடிச்சுத் தைச்சது. கல்யாண அளவை விடச் சின்னது. அம்மா, அப்ப உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?

சித்தி: அம்மா?

சித்தி: பக்கத்துல தான் உக்காந்துருக்கு, போனைக் கையில வச்சுக்கிட்டு

அம்மாச்சி: உடம்புக்கு ஒன்னும் இல்ல உங்க அப்பா வேலை பாத்த மில்ல அந்த வருசம் மூடி வச்சிருந்தாக எட்டு மாசம் சம்பளம் கெடையாது இருக்குற சோத்த உங்க ரெண்டு பேருக்கும் அவருக்கும் போட்டுட்டு நான் சாப்பிட்டுட்டேன்னு சொல்லிருவேன் ஒரு கல்யாணத்துக்குப் போகணும் ஜாக்கெட்டு தொளதொளன்னு நின்னுச்சு ஊரு பாத்தா என்ன பேசும்னு ராத்திரி விளக்குல நானே பிடிச்சுத் தைச்சேன் அவருக்குத் தெரியாது

மாமா: அம்மா நீ இதை எங்கள்ட்ட சொன்னதே இல்லையே

அம்மாச்சி: சொல்லி என்னப்பா ஆகப் போகுது

பெரியம்மா: எனக்கு லேசா ஞாபகம் இருக்கு. கஞ்சி குடிச்சது ஞாபகம் இருக்கு. அம்மா சாப்ட்டுச்சான்னு நான் கேட்டதே இல்ல

மாமா: நாளைக்கு நாங்க எல்லாரும் செல்லூர் வர்றோம். மத்தியானச் சாப்பாடு அங்கதான், கறி நான் எடுத்துட்டு வர்றேன்

அத்தை: நான் வெள்ளனே வந்து சமைச்சுக்கிறேன், நீங்க யாரும் அடுப்படிப் பக்கம் வர வேணாம்

நான்: அம்மாச்சி, தையல்காரம்மா அந்த போலி ஜாக்கெட்ட உள்பக்கம் திருப்புறாங்கள்ல, அந்த இடத்துல அவங்களுக்கு அவங்க அம்மா ஜாக்கெட்டு ஞாபகம் வர்ற மாதிரி எழுதணும்னு இருக்கு. இந்தத் தையலை எழுதலாமா? வேணாம்னா வேணாம்

அம்மாச்சி: எழுது தாயி என் பேரு போடாத உங்க தாத்தா மில்லு பேரும் போடாத அந்தத் தையலு கோணலா இருக்கும் வெளிச்சம் பத்தல அதையும் சேத்து எழுது