பிட்டா பறவையைப் பார்க்க நவம்பரா, டிசம்பரா? ஜிம்பாப்வே போனவர்கள் சொல்லுங்கள்

நான்கு பேர், வழிகாட்டியோடு 12 நாள் பறவை பார்க்கும் பயணம். வும்பா மலைக்காட்டில் ஸ்வின்னர்டன் ராபின், மரோண்டேரா பக்கம் மியோம்போ எனும் இலையுதிர் காடு, கடைசியில் சாம்பேசி பள்ளத்தாக்கில் ஆப்பிரிக்கப் பிட்டா (நம்ம ஆறுமணிக்குருவிக்குச் சொந்தம்).

சிக்கல் பிட்டாதான். மழை பிடித்த பிறகே கூவும்; கூவாவிட்டால் புதருக்குள் இருப்பதே தெரியாது. அதே மழையில் மண்பாதை சேறாகி வண்டி சிக்கும். நவம்பர் கடைசி போதுமா, டிசம்பர் முதல் வாரமா?

மியோம்போவில் ஒரு மணி நேரம் ஒன்றுமே இருக்காது, திடீரென ஒரே மரத்தில் பல இனம் வந்திறங்கும். இரண்டு காலை போதுமா?

வும்பாவில் காட்டுத்தரை இருட்டு என்பதால் 8×42 பைனாகுலர்தான் (கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2). ஒலிப்பதிவு போட்டு ராபினைத் தொந்தரவு செய்யாமல், பொறுமையாக உட்கார்ந்து காட்டும் உள்ளூர் வழிகாட்டி யாராவது தெரியுமா?