கிரிண்டல்வால்டில் கோடை: ஏரிக்குப் பத்து நிமிடம் இருக்கத் திரும்பிய நாள்

மலைவழி:

எல்லோருக்கும் வணக்கம். மலையிலும் ஆற்றிலும் வழிகாட்டியாக வேலை செய்கிறவர்கள், அவர்களோடு போய் வந்தவர்கள் என்று இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள். மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பை ஆளுக்கொன்றாக எழுதுவோமா? நானே தொடங்குகிறேன்.

நான் சுவிஸில், கிரிண்டல்வால்டில் இருக்கிறேன். கோடையில் நடைவழிகாட்டி வேலை. இங்கே வாண்டர்லைட்டர் என்பார்கள். கயிறு கட்டிப் பனியாற்றிலும் பாறையிலும் ஆட்களை ஏற்றுகிற பெர்க்ஃபியூரர் வேறு. அவர்களின் படிப்பு நீளம், பொறுப்பு பெரிது. எனக்குப் பாதை இருக்கிற இடம் மட்டும்தான். மஞ்சள் பலகை என்றால் யாரும் நடக்கலாம். பாறையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று கோடு இழுத்திருந்தால் மலைப்பாதை, நல்ல சப்பாத்தும் நிதானமும் வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் அதைவிடக் கடினமான வழி, அதைக் கண்டால் நான் என் ஆட்களோடு திரும்பிவிடுவேன்.

ஜூனில் மாடுகள் மேலே ஏறுகிற நாளோடு எங்கள் காலமும் தொடங்கும். காலமை ஐந்து மணிக்கு எழும்பி முதலில் மழை ராடார் பார்ப்பேன். பிறகு ஜன்னலைத் திறந்து ஐகர் மலையைப் பார்ப்பேன். ஊர் இருப்பது 1,034 மீற்றரில், ஐகரின் உச்சி 3,967 மீற்றரில். அதன் வடக்குச் சுவர் மட்டும் 1,800 மீற்றர் நிமிர்ந்து நிற்கிறது. அந்தச் சுவரில் முகில் எந்த உயரத்தில் படுத்திருக்கிறது என்பதைப் பார்த்தால் பின்னேரம் எப்படி இருக்கும் என்று பாதி தெரியும். மிச்சப் பாதி தெரியாது. வேலை முழுக்க அந்த மிச்சப் பாதியில்தான்.

போன வருடம் ஜூலையில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், மகனின் அம்மா. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. காலில் தோல் செருப்பு, அதற்குள் கம்பளிக் காலுறை. கம்பியில் தொங்கிப் போகிற கொண்டோலாப் பெட்டியில் ஃபிர்ஸ்ட் என்கிற மேல் நிலையம் வரை போய் அங்கிருந்து பாஹால்ப்சே ஏரிக்கு நடப்பதுதான் திட்டம். 2,168 மீற்றரிலிருந்து 2,265க்கு. மூன்று கிலோமீற்றர், அகலமான பாதை, ஒரு மணித்தியாலம். செருப்போடு அந்தப் பாதையில் போகலாமா என்று யோசித்தேன். ஏற்றம் குறைவு, சரளைக்கல் மட்டும் கவனம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

நான் தமிழில் கதைத்ததும் அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. "கைலாசம் போகணும்னு இருந்தேன், உடம்பு விடல. அந்தத் தண்ணில பனிமலை தெரியுமாமே, அத ஒரு தரம் பாத்தாப் போதும்மா" என்றார். உண்மைதான். காற்றில்லாத நாளில் ஷ்ரெக்ஹோர்ன் என்கிற பனிமலை அந்த ஏரிக்குள் தலைகீழாக நிற்கும்.

முக்கால்வாசி தூரம் போயிருப்போம். மேற்கே க்ளைனே ஷைடெக் பக்கம் வானம் ஊதா நிறமாகியது. ஒரு மின்னல். எண்ணத் தொடங்கினேன். 24இல் இடி கேட்டது. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கு, அப்போ எட்டுக் கிலோமீற்றர். அடுத்தது 18. ஆறு கிலோமீற்றர். எங்களை நோக்கி வருகிறது. நாங்கள் நிற்பது மரமே இல்லாத வெட்டவெளி, பக்கத்தில் மாட்டுக்குக் கட்டிய கம்பிவேலி. காற்றும் மின்னலும் கூடினால் கொண்டோலாவையும் நிறுத்திவிடுவார்கள்.

திரும்புவோம் என்றேன். மகன் தூரத்தைக் கேட்டார். பத்து நிமிடம் என்று பொய் சொல்லாமல் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் கையை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

வேகமாக இறங்கி ஃபிர்ஸ்ட் வந்து சேர்ந்தோம். முகில் பிரியன்ட்ஸ் ஏரிப் பக்கம் விலகிப் போனது. ஒரு துளி மழை விழவில்லை. அரை மணித்தியாலத்தில் வெயில். அவர்களுக்கு நாலு மணிக்கு பஸ், அடுத்த நாள் சூரிச்சில் விமானம். திரும்பவும் மேலே போக நேரமில்லை. கொண்டோலாவில் இறங்கும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து, "மழ வரலையேம்மா" என்றார். குற்றஞ்சாட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றைக்கு இடி விழுந்திருந்தால் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றிருப்பார்கள். விழாதபடியால் ஒரு முதிய பெண்ணின் ஏரியைப் பறித்தவளாக நிற்கிறேன். ஆனால் 18 எண்ணி முடித்த அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டு கதையிலும் ஒன்றுதான். நாளைக்கு அதே இடத்தில் நின்றாலும் திரும்பத்தான் செய்வேன். அதைத் தெரிந்துகொண்டும் அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

உங்களுடையதை எழுதுங்கள்.

ஓடைக்கல்:

தங்கச்சி, நீங்கள் செய்தது சரி. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

இன்டர்லாகன் பக்கம் நாலு கோடை கேன்யனிங் வழிகாட்டியாக இருந்தேன். தடித்த ரப்பர் உடுப்பு, தலைக்கவசம், இடுப்பில் பட்டி. பனி உருகி வருகிற ஓடைக்குள் குதித்தும் சறுக்கியும் கயிற்றில் இறங்கியும் போகிற விளையாட்டு. உள்ளே தண்ணிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதும் கேட்காது. எல்லாம் கைச்சைகைதான். உச்சந்தலையில் கை வைத்துக் காட்டினால் நான் நலம் என்று அர்த்தம். ஒவ்வொரு குதிக்கும் பிறகு அந்தக் கையைத்தான் தேடுவேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை மூத்த வழிகாட்டி ஒருவர் எங்களைச் சாக்ஸெட்பாக் ஓடைக்குக் கூட்டிப்போனார். 1999 ஜூலை 27 அன்று அங்கே 21 பேர் செத்தார்கள். 18 பேர் சுற்றுலா வந்த இளம் ஆட்கள், மூன்று பேர் வழிகாட்டிகள். மேலே மலையில் இடிமழை கொட்டி, அந்த வெள்ளம் ஒடுங்கிய பள்ளத்துக்குள் ஒரேயடியாக இறங்கியது. பள்ளத்துக்குள் நிற்பவனுக்கு மேலே வானம் ஒரு கீற்று மட்டும்தான் தெரியும். வெள்ளம் பிறப்பது அவன் பார்க்க முடியாத இடத்தில். அந்த மூத்தவர் அங்கே எதுவும் விளக்கவில்லை. கால் மணித்தியாலம் எங்களைச் சும்மா நிற்க வைத்தார். வழிகாட்டித் தொழிலுக்கும் இப்படியான விளையாட்டுகளுக்கும் நாடு முழுவதற்குமான அனுமதிச் சட்டம் 2014 ஜனவரியில்தான் வந்தது.

என் மூன்றாவது கோடையில் ஒருநாள், நாங்கள் பாதி ஓடை இறங்கியிருந்தோம். தெளிவாக ஓடிய தண்ணி மங்கியது. பாலில் கொஞ்சம் தேத்தண்ணி விட்டது போல ஒரு நிறம். சின்னச் சுள்ளிகளும் பச்சை இலைகளும் மிதந்து வந்தன. காய்ந்த இலை வந்தால் கரையில் கிடந்தது. பச்சை இலை வந்தால் மேலே எங்கேயோ மரம் அடி வாங்கியிருக்கிறது. எட்டுப் பேரையும் பக்கவாட்டு வழியால் கயிற்றில் ஏற்றி வெளியே எடுத்தேன். நாற்பது நிமிடம் பிடித்தது. தண்ணி ஒரு முழம் உயர்ந்து, பிறகு வடிந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. எட்டுப் பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்ததால் அப்போது எனக்கு வேலை தந்தவர் அடுத்த இரண்டு கிழமை எனக்கு நாட்கள் தரவில்லை. அந்தக் கோடை முடிந்ததும் அங்கிருந்து விலகினேன்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி, போலந்துப் பிள்ளை, பாதைக்கு வந்த பிறகும் உச்சந்தலையில் கையை வைத்தபடியே நின்றாள். கையைக் கீழே விடச் சொல்லித்தான் விட்டாள். எனக்கு அந்தக் கோடையில் நினைவிருக்கிற முகம் அதுதான்.

கோவைப் பயணி:

நான் வழிகாட்டி இல்லை, வழிகாட்டியோடு போனவள். அந்த மதுரை அம்மா பக்கத்திலிருந்தும் யாராவது பேசணும்னு தோணிச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா அம்மாவைக் கூட்டிட்டு யுங்ஃப்ராயோக் போனோம். கிரிண்டல்வால்டில் ஐகர் எக்ஸ்பிரஸ்ங்கற ரோப் கார்ல ஏறினா பதினைஞ்சு நிமிஷத்துல 2,320 மீட்டர், அங்கிருந்து மலையைக் குடைஞ்சு போற ரயில். 1912ல திறந்த பாதை. இறங்கற இடம் 3,454 மீட்டர். காலையில ஆயிரம் மீட்டர்ல காபி குடிச்சவங்க மதியத்துக்குள்ள அங்க நிக்கறோம். காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். உடம்புக்குப் பழக நேரமே இல்லை.

கண்ணாடி மண்டபத்துல அப்பா பேச்சு குழற ஆரம்பிச்சுது. உதடு சாம்பல் நிறம். நாங்க ஃபோட்டோ எடுத்திட்டு இருந்தோம், கவனிக்கலை. எங்களோட வந்த வழிகாட்டி, அம்பது வயசிருக்கும், கிரிண்டல்வால்டுக்காரர், அப்பாவோட கையைப் பிடிச்சு நகத்தைப் பார்த்தார். அடுத்த ரயில்ல கீழே போறோம்னார். வந்து இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. அப்பா வரமாட்டேன்னு பிடிவாதம். அலெட்ச் பனியாற்றைப் பார்க்காம இறங்க மாட்டேன்னு உட்கார்ந்துட்டார். ஆல்ப்ஸ்லயே பெரிய பனியாறு, இங்க வந்துட்டு அதை விடறதான்னு வாக்குவாதம். அந்த வழிகாட்டி குரலை உயர்த்தலை. அப்பா பக்கத்துல தரையில உட்கார்ந்து, ஷூ கயிறைத் தானே கட்டிவிட்டு, கையைப் பிடிச்சுத் தூக்கிட்டார்.

கீழே க்ளைனே ஷைடெக் ஸ்டேஷன் வந்ததும் அப்பாவுக்கு நிறம் திரும்பிடுச்சு. ஆனா நாலு நாள் அந்த வழிகாட்டிகூடப் பேசலை, எங்ககூடவும் சரியாப் பேசலை. ஊருக்கு வந்து ஆறு மாசம் கழிச்சு ஒரு கல்யாணத்துல யாரோ சுவிஸ் எப்படின்னு கேட்டாங்க. "அங்க ஒருத்தர் என் ஷூவைக் கட்டிவிட்டார்"னு அப்பா ஆரம்பிச்சார். மலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

அந்த மதுரை அம்மா உங்களைப் பத்தி வீட்டுல என்ன சொல்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாது அக்கா.

பட்டிக்காரன்:

நான் ஒரு கோடை கிரிண்டல்வால்டின் ஆல்ப் ஒன்றில், அதாவது மலைமேல் இருக்கிற கோடை மேய்ச்சல் நிலத்தில், மாடு மேய்த்து, சீஸ் சட்டி கழுவியவன். அந்த ஊரின் மேய்ச்சல் நிலம் ஏழு ஆல்ப் சங்கங்களாகப் பிரிந்து கிடக்கிறது. எந்த மாடு எந்தச் சரிவில் என்பது பரம்பரைக் கணக்கு. நடக்க வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். கன்றோடு நிற்கிற பசுவிடம் போகாதீர்கள். கன்றைத் தடவப் போய் விலா உடைந்த ஒருவரை நாங்கள் தூக்கி வந்தோம். நாயோடு வந்தால் கயிற்றில் பிடியுங்கள். பசு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பி ஓடிவிடும், நீங்களும் தப்புவீர்கள். நம்ம ஊர் மாடு போல இருக்கிறதே என்று நம்மவர்கள்தான் அதிகம் கிட்டப் போகிறார்கள். மணி கட்டிய கழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மலைவழி:

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். ஓடைக்கல் அண்ணா, அந்தக் கையை நானும் இனித் தேடுவேன்.

கோவைத் தங்கையின் அப்பா சப்பாத்து என்றதும் என் அப்பாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா 1989இல் இங்கே வந்தார். இந்த ஊரில் ஒரு ஹொட்டலின் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அதே சமையலறையில் மரக்கறி வெட்டி, குசினிக்காரனாகி, அங்கேயே ஓய்வு எடுத்தார். சமையலறை நிலத்துக்குக் கீழே. கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு நீளமான, ஒடுங்கின ஜன்னல். அது வெளியே தெருமட்டத்தில் இருந்தது. அதனால் அந்த ஜன்னலில் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். முப்பது கோடைக்கு மேல் ஆட்கள் மலைக்குப் போவதையும் வருவதையும் அப்பா முழங்காலுக்குக் கீழே பார்த்தார். ஐகர் அந்த ஜன்னலில் தெரியாது. கோடைதான் ஹொட்டலுக்கு வேலை கூடின காலம், விடுமுறை கிடைத்தது மழைபெய்கிற நவம்பரில். கொண்டோலாவில் ஒருக்காவும் ஏறவில்லை.

நான் கூட்டாட்சித் தேர்வு எழுதி வழிகாட்டியான பிறகும் வரமாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வயது போய்விட்டதாம். அப்பாவுக்கு அப்போது அறுபத்தாறு. இந்த ஊர் வழிகாட்டி கிறிஸ்டியன் அல்மர், ஐகரின் உச்சியில் 1858இல் முதன்முதல் நின்ற மூவரில் ஒருவர். 1896இல் தன் எழுபதாவது வயதில், கல்யாணம் முடித்து ஐம்பது வருடமானதற்காக, மனைவியையும் கூட்டிக்கொண்டு 3,692 மீற்றர் வெட்டர்ஹோர்ன் ஏறினவர். அந்தக் கதையைச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, "மனுசியும் ஏறினவவோ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமை அம்மாவும் வருவதென்றால் வருகிறேன் என்றார்.

செப்டெம்பர், மாடுகள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். மதுரை அம்மாவை நான் திருப்பிய இடத்தைக் கடக்கும்போது நின்றேன். அப்பாவுக்கு அந்தக் கதை தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் ஏரி. காற்றே இல்லை. ஷ்ரெக்ஹோர்ன் முழுதாகத் தண்ணிக்குள் நின்றது. அம்மா கரையில் இருந்து தண்ணியைக் கையால் அள்ளி நெற்றியில் தொட்டுக்கொண்டார். நானும் ஒரு கை அள்ளினேன், இன்னொருவருக்காக.

அப்பா மலையைப் பார்க்கவில்லை. பாதையோரக் கல்லில் இருந்து, வருகிற போகிற ஆட்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சப்பாத்து போட்ட ஒரு பெடியன் நொண்டிக்கொண்டு போனான். அப்பா என் பையைக் காட்டி, "அந்தப் பிள்ளைக்கு வலது குதியில கொப்பளம். பிளாஸ்டர் வைச்சிருக்கிறியோ?" என்றார். ஓடிப்போய்க் கேட்டேன். வலது குதிதான்.