மெய்ப்பிப்பா, அங்கீகாரமா? கெர்பரோஸ் அமைவுக்கான சொற்கள்

வணக்கம்.

வலையமைப்பில் யார் யார் என்று சரிபார்க்கும் முறையான கெர்பரோஸின் அமைவுத் திரையைத் தமிழாக்கும்போது, ‘அதென்டிகேஷன்’ (தான் யார் என்று காட்டுவது) வருகிற இடமெல்லாம் ‘அங்கீகாரம்’ என்று போட்டுவிடலாம், பழகிய சொல்தானே என்று எழுதியிருந்தீர்கள். பழகிய சொல்தான். ஆனால் ‘ஆதரைசேஷன்’ (உள்ளே விடலாம் என்று இசைவது) என்பதற்கும் அதே சொல்லைத்தான் பலர் எழுதுகிறார்கள். வேறு எதில் விட்டாலும் கெர்பரோஸில் இந்தக் குழப்பத்தை விடக் கூடாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கோப்புச் சேவையகத்துக்குள் நுழைய முடியவில்லை, திரையில் ‘அங்கீகாரம் தோல்வி’ என்று வந்தது. கடவுச்சொல்லை மாற்றினேன், திறவுகோல்களைச் சேமித்து வைக்கும் கீடேப் கோப்பைப் புதிதாக உருவாக்கினேன், அரை நாள் போய்விட்டது. அப்புறம் கையிலுள்ள டிக்கெட்டுகளைக் காட்டும் கேலிஸ்ட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், நான் யார் என்று சேவையகத்துக்குக் காட்டும் டிக்கெட் ஒழுங்காகவே இருந்தது. அந்தக் கோப்புறையைத் திறக்கக்கூடியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான். நான் யார் என்பதில் சேவையகத்துக்குச் சந்தேகமே இல்லை, என்னை உள்ளே விடுவதா என்பதில்தான் சிக்கல். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே சரியான இடத்தில் தேடியிருப்பேன்.

ஆங்கிலத்திலும் இதே தடுமாற்றம் உண்டு. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையில் 401 என்ற பிழைக்கு ‘அன்ஆதரைஸ்டு’, அதாவது ‘அனுமதியற்றவர்’, என்று பெயர், ஆனால் அதன் பொருள் ‘நீ யார் என்று இன்னும் காட்டவில்லை’ என்பதுதான். அனுமதி இல்லை என்று மறுப்பது 403. அந்தப் பிசகை நாமும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

அதனால் ஆதரைசேஷனுக்கு ‘அனுமதி’, அதென்டிகேஷனுக்கு ‘மெய்ப்பிப்பு’. ‘உறுதிப்பாடு’ எனக்கும் பிடிக்கும், ஆனால் ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்கிற பெட்டியில் ‘உறுதிசெய்’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ‘ஆளறிதல்’ என்றால் மனிதர்களோடு நின்றுவிடும், இங்கே சேவையகமும் தன்னைப் பயனருக்குக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெய்ப்பி என்ற வினையோ எப்படி வளைத்தாலும் வளைகிறது: மெய்ப்பிக்க, மெய்ப்பிக்கப்படாத பயனர், இருவழி மெய்ப்பிப்பு.

டிக்கெட்டுக்கு ‘அனுமதிச்சீட்டு’ என்று பரிந்துரைத்திருந்தீர்கள். முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது, ஆனால் மேலே பிரித்ததை அது மறுபடி கலக்கிவிடுகிறது. கெர்பரோஸ் டிக்கெட்டில் இருப்பது பயனரின் பெயர், செல்லுபடியாகும் நேரம், இரு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் ஒரு திறவுகோல், இப்படிச் சில விவரங்கள். இவையெல்லாம் சேவைக்கும் டிக்கெட்டை வழங்கும் கெர்பரோஸ் சேவையகத்துக்கும் மட்டுமே தெரிந்த திறவுகோலால் பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் பயனர் அடைவான ஆக்டிவ் டைரக்டரி அதற்குள் குழு விவரங்களையும் வைத்து அனுப்புகிறது, உண்மைதான், அப்போதும் விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது சேவைதான். ஆகவே ‘மெய்ச்சீட்டு’ என்கிறேன். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் முதலில் கிடைத்து, மற்றச் சீட்டுகளை வாங்க உதவுகிற டிஜிடி (டிக்கெட் கிராண்டிங் டிக்கெட்)? ‘சீட்டு வழங்கும் சீட்டு’ நாக்கில் நிற்கவில்லை, ‘முதற்சீட்டு’ போதும்.

இன்னொன்றையும் கட்டாயம் மாற்ற வேண்டும். ‘கிளாக் ஸ்கியூ’ என்பதை ‘நேர வேறுபாடு’ என்று பெயர்த்திருக்கிறீர்கள். அதைப் படிப்பவர் நேர மண்டலத்தைத்தான் நினைப்பார், போய் அதை மாற்றுவார். கெர்பரோஸ் உலகப் பொது நேரத்தில்தான் கணக்குப் பார்க்கிறது, இரண்டு கணினிகள் வெவ்வேறு மண்டலங்களில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. கடிகாரமே தப்பாக ஓடினால்தான், வழக்கமான அமைவில் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால்தான், சீட்டு செல்லாது. ‘கடிகாரப் பிசகு’ என்று போட்டால் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லே காட்டிக்கொடுக்கும்.

ஒரே கெர்பரோஸ் நிர்வாகத்தின் கீழ் வரும் பகுதியான ரெல்முக்கு ‘ஆள்புலம்’ சரி, ‘களம்’ ஏற்கெனவே டொமைனுக்குப் போய்விட்டது. ஆனால் உதவிக் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். ஆள்புலப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுவதே வழக்கம், சிறிய எழுத்தில் அடித்தால் அது வேறொரு ஆள்புலமாகிவிடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் இது நமக்குச் சட்டென்று தோன்றாது.

பிரின்சிபலுக்கு மட்டும் எனக்கு எதுவும் அமையவில்லை. ‘முதல்வர்’ என்றால் கல்லூரிதான் நினைவுக்கு வருகிறது. பயனர், கணினி, சேவை மூன்றையும் தாங்குகிற ஒரு சொல் வேண்டும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அதுவரை கோப்பில் ‘பிரின்சிபல்’ என்றே விட்டுவைக்கிறேன்.