வேம்பயர் வில்லி மூடுபனியாகித் தப்பும்போது ஆட்டக்காரர்கள் ஏமாற்றப்பட்டதாக உணராதிருக்க என்ன செய்யலாம்?

மெழுகுவிளக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆட்டக்காரர்கள் கொண்ட குழு ஒன்றுக்கு ஓராண்டுக்கும் மேலாக டன்ஜன் மாஸ்டராக (ஆட்டத்தை நடத்துபவராக) இருந்துவருகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கதைப்பாத்திர ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கான 2014ஆம் ஆண்டு விதிகளையே பின்பற்றுகிறோம். பாத்திரங்கள் எட்டாம் நிலையில் இருக்கின்றன. மலைக்கணவாய் ஒன்றைக் காத்துநின்ற கோட்டையின் தலைவி, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வேம்பயராக (இரத்தம் குடிக்கும் இறவாப் பிறவியாக) மாறியவள், எங்கள் கேம்பெயினின் (பல அமர்வுகளாகத் தொடரும் கதையின்) முதன்மை வில்லி.

சென்ற அமர்வில் அவளைக் குழுவினர் கோட்டையின் பெருங்கூடத்தில் எதிர்கொண்டார்கள். பாலடினும் (புனிதப் போர்வீரர்) கிளெரிக்கும் (தெய்வ அருளால் மந்திரம் செய்பவர்) சேர்ந்து மூன்றாவது சுற்றிலேயே அவளுடைய 144 உயிர்ப்புள்ளிகளையும் தீர்த்துவிட்டார்கள். அவர்கள் மகிழ்ந்து ஆரவாரித்த அதே கணத்தில், விதிப்படி அவள் மூடுபனியாகிக் கதவிடுக்கு வழியே வெளியேறுகிறாள் என்று நான் அறிவித்தேன். மேசையில் அமைதி நிலவியது. பிறகு ஒருவர், "அப்படியென்றால் இவ்வளவு நேரம் நாங்கள் செய்தது எதற்காக?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லாததால் அமர்வை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இன்னொரு குறையும் உண்டு. முதல் சுற்றிலேயே ரோக் (மறைந்து தாக்கும் திறமைசாலி) பாத்திரம் அவளுடைய வசியத்துக்கு ஆட்பட்டதால், அதை ஆடியவர் சண்டை முடியும்வரை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன், ஆயினும் அது மறுபடியும் நேரக் கூடாது என்று விரும்புகிறேன்.

கோட்டைக்கு இருபத்திரண்டு அறைகள் வரைந்திருக்கிறேன். சவப்பெட்டி எங்காவது இருந்தாக வேண்டும் என்பதற்காக அதை நிலவறையில் வைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அடுத்த அமர்வு இரண்டு வாரங்களில் நடக்கவிருக்கிறது. இந்தக் கதையை மீட்க வழியுண்டா?

இருபது முகம் எழுதியது:

நண்பரே, நீங்கள் நிறுத்திய இடம் மிகவும் நல்ல இடம். அந்த ஆட்டக்காரரின் கேள்விக்கு விதியிலேயே பதில் இருக்கிறது. அதைச் சண்டைக்கு முன்பே அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் விடுபட்டது.

உயிர்ப்புள்ளி தீர்ந்து மூடுபனியான வேம்பயர் இரண்டு மணி நேரத்துக்குள் தன் உறைவிடத்தை, அதாவது சவப்பெட்டியை, அடையாவிட்டால் அழிந்துவிடும். அடைந்தாலும் அங்கே அசைய முடியாமல் ஒரு மணி நேரம் கிடக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் கழிந்த பிறகே ஓர் உயிர்ப்புள்ளி திரும்புகிறது. அதன் பின்னர்தான் சுற்றுக்கு இருபது புள்ளி வீதம் மீளும் ஆற்றல் வேலை செய்யத் தொடங்கும். மூடுபனியின் வேகம் சுற்றுக்கு இருபது அடி. வேறெந்தச் செயலும் செய்ய இயலாத நிலையாதலால் அவள் வேகத்தைக் கூட்டவும் முடியாது. ஒரு சுற்று என்பது ஆறு விநாடி; ஆக நிமிடத்துக்கு 200 அடி, இரண்டு மணி நேரத்துக்கு 24,000 அடி, அதாவது ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சண்டை நடந்த இடத்திலிருந்து இந்த எல்லைக்குள் பெட்டி இருந்தாக வேண்டும். வழியில் தண்ணீர் குறுக்கிட்டால் அதற்குள் மூடுபனி புகாது.

ஆகவே பெருங்கூடத்துச் சண்டை வீணாகவில்லை. அது அவர்களுக்கு ஒரு மணி நேரத்தை வாங்கித் தந்திருக்கிறது. அடுத்த அமர்வின் தொடக்கத்தில் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஓர் அறையைத் துருவித் தேடப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், இருபத்திரண்டு அறைகளில் ஆறை மட்டுமே அவர்களால் தேட முடியும். எந்த ஆறு என்பதைத் தீர்மானிக்க, இதுவரை அவர்கள் கேட்டறிந்த செய்திகள் உதவ வேண்டும். அவர்களிடம் போதிய செய்தி இல்லையென்றால், பிடிபட்ட பணியாள் ஒருவரோ கூடத்தில் தொங்கும் குடும்ப ஓவியமோ அதைத் தரட்டும்.

பெட்டிகளைப் பெருக்கி அவளைக் காப்பாற்ற மட்டும் முயலாதீர்கள். வேம்பயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறைவிடங்கள் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால், இதுவரை பேச்சிலேயே வராத இரண்டாவது பெட்டி இப்போது முளைத்தால் அவர்கள் உங்களை மறுபடி நம்ப மாட்டார்கள்.

பழைய வரைபடம் எழுதியது:

பெட்டியை "எங்காவது" வைத்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது, இந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற வேம்பயர் சாகசம் பிறந்த கதை நினைவுக்கு வந்தது. டிரேசி ஹிக்மன் ஒருமுறை ஆட்டக்காரராக இருந்தபோது, ஒரு டன்ஜனின் (அபாயங்கள் நிறைந்த நிலவறையின்) சாதாரண அறையில் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு வேம்பயர் நிற்பதை எதிர்கொண்டார். இவன் இங்கே என்ன செய்கிறான் என்ற கேள்வி அவரை விடவில்லை. அவரும் லாரா ஹிக்மனும் அதற்குத் தேடிய பதிலே 1983இல் ரேவன்லாஃப்ட் என்னும் சாகசமாக வெளிவந்தது. ஸ்டிராட் என்ற பிரபு, அவன் தம்பி, தம்பிக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் ஆகிய மூவரின் துயரக்கதைதான் அந்தக் கோட்டை முழுவதையும் தாங்கி நிற்கிறது. அதன் வரைபடங்கள் தளங்களைச் சாய்கோணத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுவதால், எந்தப் படிக்கட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நடத்துபவர் ஒரே பார்வையில் அறிய முடியும். 2016இல் ஐந்தாம் பதிப்புக்காக அது விரிவாக்கப்பட்டபோதும் இந்த அடித்தளம் மாறவில்லை.

உங்கள் கோட்டைத் தலைவி எங்கே உறங்க விரும்புவாள்? முந்நூறு ஆண்டுகளாகச் சாக முடியாத ஒருத்தி தன் பெட்டியை வைக்கும் இடம், அவள் இழந்ததற்கு அருகில்தான் இருக்கும். மகளின் அறைக்கு அடியிலா, இடிந்த வழிபாட்டுக்கூடத்திலா, கணவாயைக் காக்கத் தவறிய அந்த வாயிற்கோபுரத்திலா என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டால், எந்த அறையில் என்ன துப்பு இருக்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

வீடு அவளுடைய உடலுக்கு ஏற்றபடி மாறியிருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். சிலந்திபோல் சுவரிலும் கூரையிலும் நடப்பவளுக்குப் படிக்கட்டு தேவையில்லை. ஆகவே மேல்தளத்துக்குச் செல்லும் படிகள் இடிந்து கிடந்தாலும் அவள் பழுதுபார்த்திருக்க மாட்டாள். காற்று நுழையும் இடமெல்லாம் மூடுபனி நுழையும் என்பதால் புகைபோக்கிகளே அவளுடைய தாழ்வாரங்கள். அவள் உண்பதில்லை, ஆனால் அவளிடம் உயிருள்ள பணியாட்கள் இருந்தால் அவர்களுக்குச் சோறு வேண்டும். எனவே கோட்டையின் ஆறு புகைபோக்கிகளில் ஒன்றில் மட்டும் புகை எழும். அதை மலையடிவாரத்திலிருந்தே பார்க்கும் குழு, உள்ளே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை நுழைவதற்கு முன்பே அறிந்துகொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வசிப்பவர் அழைக்காமல் வேம்பயர் ஒரு வசிப்பிடத்துக்குள் நுழைய முடியாது. கோட்டைக்குள்ளேயே ஒரு சிற்றறையை, முதிய பணிப்பெண் ஒருத்தியின் தனி வசிப்பிடமாக நீங்கள் கொள்ளலாம். நாற்பது ஆண்டுகளாகத் தலைவிக்கு அவள் பணிவிடை செய்கிறாள், ஆனால் ஒருநாளும் "உள்ளே வாருங்கள், அம்மா" என்று சொன்னதில்லை. குழுவினர் காயத்தோடு ஒளிந்துகொள்ளும் இடம் அதுவாகவும், அந்த மௌனத்தின் காரணம் அவர்கள் கேட்டறியும் கதையாகவும் இருக்கட்டும்.

கணவாய்க் காவலர் எழுதியது:

மேலே இருவரும் கூறியவை பயனுள்ளவை. இருப்பினும் ஒன்றில் இருபது முகத்திடமிருந்து மாறுபடுகிறேன். முந்நூறு ஆண்டு வாழ்ந்த ஒருத்தி 144 புள்ளியும் தீரும்வரை கூடத்தின் நடுவில் நின்று அடிவாங்க மாட்டாள். பாலடினின் தெய்வீக அடியும் புனித நீரும் ஒளிவகைத் தாக்குதலும் அடுத்த சுற்றில் அவள் மீள்வதைத் தடுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பாதிப் புள்ளிகள் போனவுடன் தானாகவே உருமாறி விலகுவதுதான் அவளுக்கு இயல்பு. அப்படி விலகும் வில்லியைக் குழுவினர் மூன்று நான்கு முறை சந்தித்திருந்தால், இறுதியில் அவள் விலக முடியாமல் மாட்டிக்கொள்ளும்போது கிடைக்கும் மனநிறைவு வேறு. ஒவ்வொரு வருகைக்கும் அவளுக்கு ஒரு நோக்கம் வேண்டும்: ஒருமுறை விருந்துக்கு அழைக்க, ஒருமுறை எதையோ திரும்பக் கேட்க, ஒருமுறை பாலடினை மட்டும் அளந்து பார்க்க.

வசியத்தைப் பற்றி: விதியின் வாசகத்தை மறுபடி படித்துப் பாருங்கள். வசியமானவர் அவளுடைய கட்டுப்பாட்டில் இல்லை என்றே அது சொல்கிறது. அவளை நம்பத்தக்க தோழியாகக் கருதுகிறார், அவள் கேட்பதை இயன்றவரை நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அப்படியானால் உங்கள் ரோக் அமைதியாக உட்கார்ந்திருக்கத் தேவையே இருக்கவில்லை. "என் தோழியைக் கொல்ல வந்திருக்கும் இந்த மூவரையும் எப்படியாவது பேசித் தடுக்க வேண்டும்" என்பது ஆடுவதற்கு மிகச் சிறந்த நிலை. ஆட்டக்காரரிடம் பாத்திரத்தின் நம்பிக்கையை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள், முடிவை அவரே எடுக்கட்டும். விருப்பமில்லாதவர்களை வசியமும் இரத்தம் குடித்தலும் உண்மையாகவே சங்கடப்படுத்தக்கூடும். கேம்பெயின் தொடங்குமுன் இதைக் கேட்டறிந்திருக்க வேண்டும், இப்போது கேட்டாலும் தாமதமில்லை.

சொல்லைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு. எங்கள் மேசையில் முதலில் இரத்தக்காட்டேரி என்றே சொல்லிவந்தோம். ஆனால் காட்டேரி நம் ஊர்களில் அம்மனாக வழிபடப்படுபவள், அவளுக்குப் படையல் உண்டு, எல்லை உண்டு. இந்த ஆட்டத்தின் வேம்பயரோ நிலமும் கோட்டையும் குடிகளும் உடைய பிரபு; அவனுடைய கொடுமை உடைமையிலிருந்து வருகிறது. வேம்பயர் என்றே சொல்லத் தொடங்கிய பிறகு எங்கள் ஆட்டக்காரர்கள் அவனிடம் படையலை எதிர்பார்க்கவில்லை, வரிக்கணக்கைத் தேடத் தொடங்கினார்கள்.

மெழுகுவிளக்கு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டியை வழிபாட்டுக்கூடத்துக்கு அடியில், கணவாய் வீழ்ந்த இரவில் இறந்த அவள் மகனின் கல்லறைக்கு அருகில் வைக்கப்போகிறேன். குழுவினரிடம் ஒரு மணி நேரக் கணக்கையும் சொல்லிவிடுவேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பெட்டியைக் கண்டவுடன் டேலைட் (பகலொளி) மந்திரத்தைப் பயன்படுத்தி அவளை எரித்துவிடலாம் என்று கிளெரிக் நம்பிக்கொண்டிருக்கிறார். அது செல்லுமா?

இருபது முகம் எழுதியது:

செல்லாது. 2014 விதியில் அந்த மந்திரம் பிரகாசமான ஒளியை உண்டாக்குகிறதே தவிர, அது சூரிய ஒளி என்று எங்கும் சொல்லப்படவில்லை. பின்னர் வந்த டான் என்னும் ஐந்தாம் நிலை மந்திரம் தன் ஒளி சூரிய ஒளியே என்று தெளிவாகக் கூறுகிறது, ஆனால் மந்திரத்தின் நிலை வேறு, பாத்திரத்தின் நிலை வேறு என்பதால் எட்டாம் நிலைக் கிளெரிக்குக்கு அது இன்னும் கைவராது. இதை அமர்வு தொடங்குமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள்; கல்லறையின் முன் நின்று தெரிந்துகொள்ள நேர்ந்தால் மீண்டும் அதே அமைதி மேசையில் நிலவும்.

அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. உறைவிடத்தில் செயலற்றுக் கிடப்பவளின் இதயத்தில் மரத்தாலான கூரிய ஆயுதத்தை இறக்கினால், அதைப் பிடுங்கும்வரை அவளால் அசைய முடியாது. அதன் பிறகு ஒரு மணி நேரக் கெடு அவர்களை நெருக்காது. கணவாய் வீழ்ந்த இரவைப் போலவே இதுவும் இரவாக இருக்கட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைப் படிகளில் ஏறி, பணியாட்களையும் ஓநாய்களையும் கடந்து, கீழ்வானம் வெளுக்கும்வரை அவர்கள் கோட்டை முற்றத்தில் காத்து நிற்க வேண்டும். ரோக் இன்னும் வசியத்திலேயே இருக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த ஆணியைப் பிடுங்கக்கூடிய ஒரே கை குழுவுக்குள்ளேயே இருக்கிறது.