மடக்குக் கவைத்தாங்கி: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

திறந்த வெளியில் நீண்ட துப்பாக்கிகளை நிறுத்தி வைக்கும் மடக்குச் சாதனத்துக்குத் தமிழ்ப் பெயர் என்ன என்று நம் மடற்குழுவில் கேட்டதும் ஐந்தாறு பரிந்துரைகள் வந்துவிட்டன. சொல்லைத் தேர்வதற்கு முன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வந்த பரிந்துரைகளில் பாதி, அதை ஓர் அலமாரி என்று எண்ணி எழுதப்பட்டவை.

அமெரிக்காவில் பறக்கும் தட்டுகளைச் சுடும் விளையாட்டு பரவலாக உண்டு. களிமண் தட்டு என்று பெயர். இப்போது சுண்ணாம்புக்கல் தூளையும் தார் போன்ற கீலையும் கலந்து செய்கிறார்கள். அதில் ஒரு வகை டிராப். ஓர் அணிக்கு ஐந்து பேர். ஐந்து நிலைகளிலும் மாறி மாறி நின்று ஆளுக்கு 25 தட்டு சுட்டால் ஒரு சுற்று முடியும். கிராண்ட் அமெரிக்கன் என்ற பெரும்போட்டி 1924 முதல் ஒஹாயோவின் வாண்டேலியாவில் நடந்து வந்தது. 2006 முதல் இல்லினாயின் ஸ்பார்ட்டாவில் நடக்கிறது. அங்கே 120 களங்கள் நீண்ட வரிசையாக இருக்கின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் வெயிலில் காத்திருக்க வேண்டும். கையில் இருப்பதோ ஏறக்குறைய நான்கடி நீளமும் நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உள்ள துப்பாக்கி. அதை எங்கே வைப்பது?

மரத்திலோ வேலியிலோ வண்டிக் கதவிலோ சாத்தி வைத்தால் வழுக்கி விழும். விழுந்தால் மரக்கட்டை பிளக்கும், குழல் நெளியும். தோட்டா உள்ளே மறந்து கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தரையில் கிடத்தினாலோ குழல்வாய் யாராவது ஒருவரின் காலை நோக்கியிருக்கும், மண்ணும் புகும். மண் அடைத்த குழலில் சுட்டால் குழலே பிளந்துபோகலாம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிகளும், கையில் இல்லாதபோது துப்பாக்கியை அதற்கென்று உள்ள தாங்கியில் வைக்கச் சொல்கின்றன. களத்தில் நிலையான தாங்கிகள் இருக்கும். அவை போதாத இடத்துக்கும், தோட்டத்து ஓரத்தில் நான்கு பேர் சேர்ந்து சுடும் இடத்துக்கும், வண்டியின் பின்னால் போட்டு எடுத்துப் போகத்தான் இந்த மடக்கு வகை.

அமைப்பு எளிது. இரண்டு கால் சட்டங்கள் கத்தரிக்கோல்போல் நடுவில் ஆணியில் திருகும். விரித்தால் கால்கள் அகன்று நிற்கும். அதற்கு மேல் அகலாமல் ஒரு வாரோ சங்கிலியோ பிடித்துக்கொள்ளும். மேலே குறுக்குச் சட்டம் ஒன்று. அதில் இடைவெளி விட்டு வெட்டுவாய்கள். உள்ளே ரப்பரோ பஞ்சுநுரையோ ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வெட்டுவாயிலும் ஒரு குழல் சாயும். கீழே துப்பாக்கியின் அடிக்கட்டை ஊன்ற ஒரு பலகை. எடை முழுக்க அந்த அடிப்பலகையில் இறங்குகிறது. மேல் சட்டத்துக்கு வருவது பக்கவாட்டுத் தள்ளல் மட்டும்தான், ஆனால் அதுதான் ஆபத்தானது. ஐந்து துப்பாக்கி நின்றால் இருபது கிலோவை நெருங்கும். புல்தரை சமமாக இருக்காது, காற்றும் அடிக்கும். கால் குறுகலான தாங்கி ஒன்று சரிந்தால் ஐந்தும் சேர்ந்து சரியும். அதனால் நல்ல தாங்கியில் கால் அகலம் கூடுதலாகவும் துப்பாக்கிகள் உள்நோக்கிச் சற்றே சாய்ந்தும் இருக்கும். தொலைநோக்கி பூட்டிய ரைபிளுக்கு வெட்டுவாய்களுக்கு நடுவே கூடுதல் இடம் வேண்டும். தோட்டா அறையைத் திறந்து மூடும் பூட்டுக் கைப்பிடி வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், நெருக்கி வைத்தால் பக்கத்துக் குழலில் இடிக்கும்.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பொருளின் வேலை சேமிப்பு இல்லை. பூட்டு இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. பத்து நிமிடமோ அரைமணியோ எல்லார் கண்ணிலும் படும்படி, வாய் வானத்தை நோக்க நிறுத்தி வைப்பதுதான் வேலை. இராத் தங்க வைக்கிற இடம் வேறு. இந்திய ராணுவத்தில் ஆயுத அறைக்குக் கோத் என்பார்கள். வீடுகளில் இரும்புப் பெட்டகம் இருக்கும். ஆகவே 'ஆயுதச் சேமிப்பகம்', 'துப்பாக்கி வைப்பகம்' இரண்டையும் நான் உறுதியாக மறுக்கிறேன். பாதுகாப்புக் குறிப்பில் 'சேமிப்பகம்' என்று அச்சிட்டால், இதில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று ஒருவர் புரிந்துகொள்வார். துப்பாக்கி விஷயத்தில் அந்தத் தவறான புரிதலுக்கு இடம் வைக்கக் கூடாது.

சரி, பரிந்துரைகளில் வந்த அடைமொழிகளுக்கு வருவோம். 'கையடக்க' என்ற சொல் கைக்குள் அடங்குவதற்கு உரியது. கையடக்கப் பதிப்பு, கையடக்கத் தொலைபேசி எல்லாம் பொருந்தும். நான்கடிச் சட்டத்துக்கு ஒட்டாது. 'எடுத்துச் செல்லத்தக்க' சரியான பொருள் தருகிறது, ஆனால் சொல்லின் தலையில் அவ்வளவு பெரிய மூட்டை எதற்கு? நாம் மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில் என்று சொல்லும்போதே அது எடுத்துப் போவதற்கானது என்று புரிந்துவிடுகிறது. 'வெளிப்புற' என்பதையும் விட்டுவிடலாம். வீட்டுக்குள் மடக்குத் தாங்கி வைப்பவர் அரிது. 'மடிப்பு' துணிக்கும் காகிதத்துக்கும் இயல்பு. கீல் வைத்த பொருளுக்கு 'மடக்கு' என்றுதான் கடைத்தெருவில் கேட்போம்.

ஆனால் மடக்கை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. 'மடக்குத் துப்பாக்கித் தாங்கி' என்று எழுதினால் மடங்குவது துப்பாக்கியா, தாங்கியா? வேறு துறையென்றால் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இங்கே நிஜமாகவே மடங்கும் துப்பாக்கிகள் இருக்கின்றன. தட்டுச் சுடுபவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி, தோட்டா போட நடுவில் ஒடித்துத் திறப்பதுதான். நம் ஊரிலேயே பழைய வேட்டைத் துப்பாக்கியை மடக்கித் திறந்து காட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். எனவே மடக்கு, தாங்கிக்கு நேர்முன்னால் நிற்க வேண்டும். 'துப்பாக்கி மடக்குத்தாங்கி' என்றால் குழப்பம் தீர்கிறது.

நீண்ட துப்பாக்கி என்பதற்கு 'நெடுந்துப்பாக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு முழுச் சம்மதம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்கும், ரவைத் துப்பாக்கியின் (ஷாட்கன்) குழல் 18 அங்குலத்துக்கும் குறைந்தால் தனிக் கட்டுப்பாடு வந்துவிடும். ஆக நீளம் என்பது இங்கே வெறும் வருணனை இல்லை, வகைப்பாடு. கைத்துப்பாக்கிக்கு எதிர்ச்சொல்லாகவும் நெடுந்துப்பாக்கி நன்றாக நிற்கிறது. 'தோள்துப்பாக்கி' என்ற பரிந்துரை பயன்பாட்டை வைத்துப் பார்த்தால் துல்லியமானதுதான். இரண்டு கையால் பிடித்துத் தோளில் ஊன்றிச் சுடுவதுதானே அது. ஆனால் செய்தித்தாள்களில் 'தோளில் வைத்து ஏவும்' என்று ஏவுகணைகளுக்கு எழுதி எழுதி, அந்தச் சாயல் சொல்லில் ஏறிவிட்டது.

இலங்கை நண்பர் 'நெடுந்துவக்கு' கேட்டிருந்தார். துப்பாக்கிக்கு அங்கே வழங்கும் துவக்கு அழகான, உயிரோடிருக்கும் சொல். இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு என்று அங்கே ஒரு குடும்பமே இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு அது தொடக்கம் என்று மட்டுமே கேட்கும் என்பதுதான் தயக்கம். இரண்டு வடிவத்தையும் பதிவு செய்துவிடுவோம் என்பது என் கருத்து. அங்குள்ளவர் துவக்கு என்று போட்டுக்கொள்ளட்டும். பின்பாதி இரு கரைக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

பின்பாதிதான் உண்மையான சண்டை. 'துப்பாக்கிச் சட்டம்' என்றால் ஆயுதச் சட்டம் என்று படிப்பார்கள். 'சட்டகம்' துப்பாக்கியின் உடற்பகுதிக்கே தேவைப்படும். 'அடுக்கு' ஒன்றன்மேல் ஒன்று கிடத்துவது. இங்கே எல்லாம் நிற்கின்றன. 'துப்பாக்கி நிலை' என்றால் மணல்மூட்டை அடுக்கிய காவல்நிலை கண்முன் வருகிறது. 'மாட்டி' சுவரில் தொங்கவிடும் வகைக்குச் சரி.

'முக்கோல்' என்று பரிந்துரைத்தவரின் நினைவாற்றலுக்கு என் வணக்கம். முல்லைப்பாட்டில் பாசறை வருணனை வரும் இடத்தில், வீரர்கள் வில்லை ஊன்றி அம்புத்தூணியைத் தொங்கவிட்டிருப்பது, பார்ப்பான் தன் முக்கோலை ஊன்றி அதில் ஆடையை இட்டு வைத்திருப்பதைப்போல் இருக்கிறது என்று வருகிறது. அதையடுத்து வேல்களைக் குத்தி நிறுத்திக் கேடயங்களை வரிசையாக வைத்த காட்சி. திறந்த வெளியில் ஆயுதத்தை நிறுத்தி வைப்பது பற்றித் தமிழில் இதைவிடப் பழைய, இதைவிடத் தெளிவான சித்திரம் எனக்குத் தெரியாது. இருந்தும் அந்தச் சொல்லை வேறொரு பொருளுக்கு ஒதுக்கி வைக்க விரும்புகிறேன். ஐரோப்பிய, அமெரிக்கப் படைகளில் தாங்கி எதுவும் இல்லாமல் மூன்று துப்பாக்கிகளை வாய்ப்புறம் கோத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தும் பழக்கம் இருந்தது. அதற்கென்றே அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளிலும் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டிலும் குழல்வாய்க்குக் கீழே சிறிய கொக்கி வளையம் வைத்திருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 ஏப்ரல் 12 அன்று வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸில் தெற்கத்தியக் காலாட்படை சரணடைந்தபோது இப்படித்தான் ஆயுதங்களைக் கோத்து நிறுத்திவிட்டு நடந்து போனது. ஆயுதமே ஆயுதத்துக்குத் தாங்கு கொடுக்கும் அந்த முறைக்கு 'முக்கோல் நிறுத்தம்' என்று பெயர் வைத்தால் எவ்வளவு பொருத்தம்! மூன்று கோல் அதில்தான் இருக்கிறது. நம் மடக்குச் சாதனத்தில் இல்லை.

மிஞ்சியது 'தாங்கி'. இதற்குப் பலமான ஆதரவு சுமைதாங்கி. சாலையோரத்தில், திறந்த வெளியில், போகிறவர் பாரத்தைச் சற்று இறக்கி வைத்து இளைப்பாறிவிட்டு மறுபடி எடுத்துப் போகும் கல். சேமிப்பு அங்கேயும் இல்லை. நம் பொருளின் குணம் முழுவதும் அதில் இருக்கிறது. எதிர்ப்புக்கும் நியாயம் உண்டு. பொறியியலில் தாங்கி என்றால் சுழலும் தண்டைப் பிடிக்கும் உறுப்பு. இலங்கையில் தண்ணீர்த் தாங்கி (தொட்டி), யுத்தத் தாங்கி (பீரங்கி வண்டி) இரண்டும் வழக்கில் உள்ளவை. 'துப்பாக்கித் தாங்கி' என்று ஒரு இலங்கை வாசகர் படித்தால் பீரங்கி வண்டி ஒன்று மனதில் உருளலாம். தமிழ்நாட்டிலோ 'துப்பாக்கி தாங்கிய காவலர்' என்ற தொடர் குறுக்கே வந்து, துப்பாக்கியைச் சுமப்பவர் என்று தோன்றும்.

அதனால்தான் முன்னால் ஒரு சிறு சொல் சேர்க்கச் சொல்கிறேன்: கவை. பிளவுபட்ட கிளை, இரண்டாகப் பிரிந்த கோல்முனை. ஊரில் குலை தள்ளிய வாழை சாயாமலிருக்க முட்டுக்கொடுப்பது கவைக்கம்பால். 'கவைக்கு உதவாத பேச்சு' என்று இன்றும் திட்டுகிறோம், ஆகவே சொல் செத்துவிடவில்லை. இந்தச் சாதனத்தில் துப்பாக்கியை உண்மையாகப் பிடித்திருப்பது அந்த வெட்டுவாய்தான், அதற்குக் கவை என்பது நேரான பெயர். கவைகள் கொண்ட தாங்கி, கவைத்தாங்கி. பொறியியல் தாங்கியோடும் தண்ணீர்த் தாங்கியோடும் இது மோதாது, ஆளையும் குறிக்காது.

முழு வடிவம் 'நெடுந்துப்பாக்கி மடக்குக் கவைத்தாங்கி'. நீளம்தான். முதல் முறை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் 'மடக்குக் கவைத்தாங்கி' என்றோ வெறும் 'கவைத்தாங்கி' என்றோ எழுதினால் போதும். முன்னொட்டை மாற்றினால் மற்ற வகைகளும் கிடைக்கும். சுவரில் அறைந்தது சுவர்க் கவைத்தாங்கி. அமெரிக்கக் கிராமங்களில் பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியை ஒட்டிக் குறுக்காக வைப்பது வண்டிக் கவைத்தாங்கி. மீன்தூண்டில்களை நிறுத்தும் சாதனத்துக்கும் இதையே நீட்டலாம். அமைப்பு ஏறக்குறைய அதேதான்.

உறுப்புகளுக்கும் இப்போதே பெயர் வைத்துவிட்டால் நல்லது. மேல் சட்டத்தைக் கவைச்சட்டம் என்போம். கீழ்ப் பலகைக்குப் பிடங்குப் பலகை. துப்பாக்கியின் அடிக்கட்டைக்குப் பிடங்கு என்ற சொல் இலங்கையில் நன்றாகப் புழங்குகிறது, தமிழ்நாட்டில் 'கட்டை' என்று விட்டுவிடுகிறோம். பிடங்கைப் பொதுவாக்கிக்கொள்ள இது நல்ல சந்தர்ப்பம். கால் அகலாமல் பிடிக்கும் வாருக்கு விரிகட்டு. கவைக்குள் ஒட்டும் ரப்பருக்குக் கவைமெத்தை.

ஒன்று மட்டும் எனக்கு அமையவில்லை. ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் நடந்துவரும் தேசிய ரைபிள் போட்டிகளைப் போன்ற இடங்களில், தோட்டா அறை காலி என்று காட்ட, அறைக்குள் செருகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைப்பார்கள். தூரத்திலிருந்தே தெரியும். 'வெற்றறைக் கொடி' என்று எழுதிப் பார்த்தேன். யாரும் இல்லாத அறை என்று வாசகர் எடுத்துக்கொள்வாரோ என்று தோன்றுகிறது. 'காலிக்கொடி' பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, குறிப்பேட்டுக்கு எடுபடுமா தெரியவில்லை. சுடுதளப் பழக்கம் உள்ளவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் வாயால் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். கவைத்தாங்கிக்கு மறுப்பு இருந்தாலும் அதே மடலில் சொல்லிவிடுங்கள்.