மாத்திரையை நிறுத்தினாத்தான் விசுவாசமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. திருப்பூர் பக்கம் ஒரு வீட்டுச்சபை. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை செய்யற அம்மா ஒருத்தருக்கு டிபி. ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டதுல இருமல் நின்னுருச்சு. "கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு, இனி மாத்திரை போட்டா அவிசுவாசம், வர்ற ஞாயித்துக்கெழமை சாட்சி சொல்லு"ங்கறார் பாஸ்டர். ஒரு மாசச் சம்பளத்தை விதைக் காணிக்கையா (விதைச்சா பல மடங்கு திரும்பி வரும்னு சொல்லி வாங்கறது) வெக்கணுமாம். டாக்டர் சொன்னா அந்தம்மா காதுல ஏறாது, வேதத்துல இருந்து சொன்னாத்தான் கேப்பாங்க. என்ன சொல்றதுங்க?

சளிப்பரிசோதகர்:
மொதல்ல உடம்பு விஷயம். சாதாரண டிபிக்கு மருந்து 6 மாசம். முதல் 2 மாசம் நாலு மருந்து, அடுத்த 4 மாசம் மூணு. இருமல் நிக்கறது, பசி எடுக்கறது, எடை ஏறறது எல்லாம் ஆரம்பத்துலயே வந்துரும். வேகமாப் பெருகற கிருமி முதல்ல சாகறதால வர்ற சுகம் அது. மெதுவா வளர்ற கிருமி உள்ளயே கெடக்கும், கடைசி 4 மாச மருந்து அதுக்குத்தான். நடுவுல நிறுத்தினா அது திரும்பக் கெளம்பும். மருந்துக்குக் கட்டுப்படாத வகையா மாறவும் வாய்ப்பு உண்டு. அப்புறம் இருமினா வீட்டுல இருக்கற கொழந்தைக்கும் அதே கட்டுப்படாத கிருமிதான் ஒட்டும்.

ஒண்ணுக்கு ஆரஞ்சு நெறத்துல போறதைப் பாத்துப் பயந்தும் சிலபேர் நிறுத்தறாங்க. அது மாத்திரையில இருக்கற ரிஃபாம்பிசின்ங்கற மருந்தோட நெறம், கெடுதல் இல்லை. கண்ணு மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். நிறுத்தி எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆயிருந்தா மீதி மாத்திரையை எடுத்துத் தானா ஆரம்பிக்க வேண்டாம், மறுபடி சோதனை பாக்கணும்.

பெருந்துறை டிபி ஆஸ்பத்திரி (சானடோரியம்) வந்த காலத்துல நல்ல காத்து, ஓய்வு, சாப்பாடு, இதுதான் டிபி வைத்தியம். இன்னைக்குக் கையில இருக்கற மருந்தைத் தூக்கிப் போடச் சொல்றாங்களேன்னு மனசு பதறுது.

சபைமூப்பர்:
மத்தேயு 4ஐ எடுத்துக் காட்டுங்க. இயேசுவை ஆலயத்து உப்பரிகையில, அதாவது உச்சியில நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவாங்கன்னு சொன்னது யாரு? பிசாசு. அதுவும் சங்கீத வசனத்தைக் காட்டியே. தேவனைப் பரீட்சை பார்க்காதேன்னு இயேசு மறுத்துட்டாரு. மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டுன்னு சொல்றதும் அந்த உப்பரிகைதானுங்க.

அடுத்தது மாற்கு 1:44. குஷ்டரோகி சுகமான பின்னாடியும், போய் ஆசாரியனுக்குக் காட்டுன்னுதான் அனுப்பினார். அந்தக் காலத்துல சுகம் உண்மையான்னு பாத்துச் சொல்ல வேண்டியவர் ஆசாரியர். இயேசு அந்தச் சோதனையைத் தள்ளலை. பவுல் கூட நடந்த லூக்கா ஒரு வைத்தியர். கூட ஊழியம் செஞ்ச துரோப்பீமுவை வியாதியோடவே மிலேத்துல விட்டுட்டு வந்தேன்னு பவுலே எழுதறார், அவனுக்கு விசுவாசம் பத்தலைன்னு எழுதலை. யாக்கோபு 5ல மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கணும்னு இருக்கு, மருந்தை விடச் சொல்லி ஒரு வார்த்தை கெடையாது. ஈரோட்டு சி.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மிஷனரிகள் வெச்சது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஐடா ஸ்கடர்ங்கற மிஷனரி டாக்டரம்மா 1900ல ஒரே கட்டிலோட ஆரம்பிச்சாங்க. ஜெபம் பண்ணத் தெரியாதவங்களா இவங்கெல்லாம்?

நொய்யல்கரை:
காணிக்கை? வெக்கலைன்னா சாபம் வரும்னு பயப்படறாங்க.

சபைமூப்பர்:
சுகத்துக்கு விலை வெச்சவர் சபையில இருந்தா அப்போஸ்தலர் 8ல, தேவனோட வரத்தைப் பணம் குடுத்து வாங்கப் பாத்த சீமோனைப் பேதுரு கண்டிச்சதைப் படிச்சுக் காட்டுங்க. இலவசமாப் பெற்றீங்க, இலவசமாக் கொடுங்கன்னு சீஷருக்குச் சொன்னவர் இயேசு. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கைன்னு சொல்லி நிறுத்தினவங்களை மாற்கு 7ல கடுமையாப் பேசறார். பவுலு எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தனியாத் தூக்கிட்டுப் போகலை, குற்றம் வரக்கூடாதுன்னு சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட்டிட்டுப் போனார் (2 கொரிந்தியர் 8). அதனால பாஸ்டர்கிட்ட ரசீதும் வருசக் கணக்கும் கேக்கறது அவமரியாதை ஆகாது.

அந்தச் சபை நெசமாவே அந்தம்மாவை நேசிச்சா, தினம் ஒருத்தர் போய் மாத்திரை போட்டாங்களான்னு பாக்கட்டும். முட்டை, பயறு, கடலை வாங்கிக் குடுக்கட்டும். வேலைக்குப் போகாத நாளுக்கு வாடகையில ஒத்தாசை பண்ணட்டும். பசிச்சவனைப் பாத்து வெறுமனே சமாதானமாப் போன்னு சொல்றது என்ன பிரயோஜனம்னு யாக்கோபு கேக்கறது இதைத்தான்.

சளிப்பரிசோதகர்:
சாப்பாட்டுக்கு அரசு மாசம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குல போடுது, நிக்ஷய்ங்கற அரசோட டிபி நோயாளிப் பதிவேட்டுல பதிவும் கணக்கு எண்ணும் சரியா இருக்கான்னு பாருங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கும் சோதனை வேணும்.

நொய்யல்கரை:
மாற்கு 1:44 எடுபடும்னு தோணுதுங்க. சாட்சிக்கு முன்னாடி சளி சோதனை பண்ணிட்டு வரலாம்னு சொல்றேன். எப்படிக் குடுக்கணும்?

சளிப்பரிசோதகர்:
ஆரம்ப சுகாதார நிலையத்துல டப்பா தருவாங்க. விடியக்காலையில எந்திரிச்சதும் வாயை வெறும் தண்ணியில கொப்புளிச்சுட்டு, வெளிக்காத்துல நின்னு, ரெண்டு மூணு தடவை ஆழமா மூச்சிழுத்து நெஞ்சுல இருந்து இருமி எடுக்கணும். எச்சில் உதவாது, கெட்டியா 2 மில்லியாவது வேணும். மூடியை இறுக்கி அன்னைக்கே குடுத்துருங்க. சளியில கிருமி இல்லைன்னு வந்தாலும் மீதி 4 மாசம் மாத்திரை உண்டுன்னு இப்பவே சொல்லி வெச்சுருங்க. இல்லைன்னா அந்தச் சீட்டையே காட்டி நிறுத்திருவாங்க.