இருகண் நுணுக்குக்காட்டியில் ஒன்று இரண்டாகத் தெரிகிறது: அரியம் நகர்ந்துவிட்டதா?

வெள்ளவத்தை ரீச்சர்:
வணக்கம். வீட்டில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா எண்பதுகளில் வாங்கிய, ஜப்பானில் செய்த இருகண் நுணுக்குக்காட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. பார்க்கும் பொருளுக்கு மேலே நிற்கிற பொருள்வில்லைகளில் 160/0.17 என்று பொறித்திருக்கிறது. போன மாதம் வீடு மாறியபோது அதன் தலை கதவு நிலையில் பலமாக இடிபட்டது. அன்றிலிருந்து இரண்டு கண்ணாலும் பார்த்தால் எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது. வெங்காயத் தோலில் ஒரே கலச்சுவர் வலக்கண்ணுக்குச் சற்று மேலேயும் இடக்கண்ணுக்குக் கீழேயும் நிற்கிறது. ஒரு கண்ணை மூடினால் படம் பளிச்சென்று இருக்கிறது. பத்து நிமிடம் பார்த்தால் தலையிடி வந்துவிடும்.

கடையொன்றில் கேட்டேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "எறிஞ்சிட்டுப் புதுசு எடுங்கோ" என்றார்கள். மனம் வரவில்லை. நானே திறந்து திருத்தலாமா?

தெஹிவளை:
ரீச்சர், பாவித்த தலை மட்டும் தனியாக இணையத்தில் விற்கிறார்கள். ஒன்றை வாங்கிப் பூட்டினால் சரிதானே?

பழைய லாப்காரன், கொட்டாஞ்சேனை:
தம்பி, அது அவ்வளவு லேசில்லை. தலை உட்காருகிற வட்டப் பூட்டின் விட்டம் கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒரே கம்பனியின் இரண்டு வரிசைகளுக்குள்ளேயும் சில வேளை பொருந்தாது. பொருந்தினாலும் கடல்கடந்து வருகிற பழைய தலைக்குள் பூஞ்சணம் இருக்குமா, அதுவும் எங்கேயாவது இடிபட்டதா என்று யார் கண்டது?

ரீச்சர், ஒரு ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். பிழை எங்கே என்று முதலில் பிடிப்போம். பொருள்வில்லை இரண்டு கண்ணுக்கும் பொது. பிழை அதில் என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரித் தெரியும், இரட்டையாகத் தெரியாது. 160 என்பது குழாய் நீளம் மில்லிமீற்றரில், 0.17 மூடு கண்ணாடியின் தடிப்பு. அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கண் வைத்துப் பார்க்கிற இரண்டு பார்வைத்துண்டுகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மேலே நின்ற படம் இப்போது இடக்கண்ணுக்குப் போனால் பிழை பார்வைத்துண்டில். போகாவிட்டால் தலைக்குள், அதாவது ஒளியைத் திருப்பி இரண்டு கண்ணுக்கும் அனுப்புகிற அரியம் என்ற கண்ணாடிக் கட்டிகள் இருக்கிற இடத்தில். அப்புறம் ஒவ்வொரு பார்வைத்துண்டையும் குழாய்க்குள் மெல்லச் சுழற்றுங்கள். படம் வட்டமடித்தால் அதன் வில்லை கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக, கண் இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். விலகலும் கூடிக் குறைந்தால் அரியத்தை விட அந்த அசையும் பகுதி வளைந்திருக்கத்தான் வாய்ப்பு.

வெள்ளவத்தை ரீச்சர்:
எல்லாம் செய்தேன் அண்ணா. மாற்றிப் போட்டாலும் வலக்கண் படம்தான் மேலே. சுழற்றினால் அசையவில்லை. கண் இடைவெளியை மாற்றினாலும் விலகல் அதே அளவு. 4, 10, 40 மடங்கு மூன்று பொருள்வில்லையிலும் ஒரே அளவுதான் விலகி நிற்கிறது.

பழைய லாப்காரன், கொட்டாஞ்சேனை:
அப்போ அரியம்தான். மூன்றிலும் ஒரே அளவு என்று நீங்கள் பார்த்தது மிக நல்ல சாட்சி. பொருள்வில்லைக்கு மேலே நடந்த பிழை பெருக்கத்தோடு கூடாது.

கழற்றுவதற்கு முன் அளவுகோல் ஒன்று செய்துகொள்ளுங்கள். ஒரு பார்வைத்துண்டுக்குள் இருக்கும் வட்டத் தடுப்பு வளையத்தில் இரண்டு தலைமயிரைக் குறுக்காக ஒட்டுங்கள். அதையே வலக்குழாயிலும் இடக்குழாயிலும் மாறி மாறிப் போடவேண்டும், இரண்டு தடவையும் ஒரே திசையில் திருப்பி. இடக்குழாயில் ஒரு தூசியைக் குறுக்கு மயிரின் நடுவில் நிறுத்துங்கள். தூசி இருக்கிற கண்ணாடி வழுக்கியை அசைக்காமல் பார்வைத்துண்டை வலக்குழாய்க்கு மாற்றுங்கள். தூசி எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுதான் நீங்கள் திருத்தவேண்டியது.

மூடியைத் திறந்ததும் ஒவ்வொரு அரியத்தின் ஓரத்தையும் பென்சிலால் அடையாளம் போட்டுவிட்டுத்தான் கை வையுங்கள். பழைய பசை வெள்ளையாகப் பொடிந்து விட்டுப்போன அரியம் எது என்று பாருங்கள். அதை மட்டும் தொடுங்கள். நடுவில் ஒளியை இரண்டாகப் பிரிக்கிற ஒட்டிய அரியச் சோடியைப் பிரிக்கவே கூடாது. ரசம் பூசிய முகம் வெளியே தெரிந்தால் துடைக்கவும் வேண்டாம், ரப்பர் பந்தால் காற்று அடித்தால் போதும்.

சுப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாக இறங்கும். என் கையால் ஒரு தலையை அப்படி மங்கவைத்தவன் நான். இரண்டு பசைக்குழாயையும் கலந்து பூசுகிற, மெதுவாக இறுகும் எப்பொக்சி எடுங்கள். மூலைகளில் கடுகளவு.

வெள்ளவத்தை ரீச்சர்:
நேற்று இரவு திறந்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே வலப்பக்க அரியத்தின் கீழே பசை பொடிந்து கிடந்தது. விரல் பட்டாலே ஆடியது. பல்லுக்குத்தும் குச்சியால் மயிரிழை அளவு தள்ளினால் தூசி பார்வைப்புலத்தில் கால்வாசி தூரம் ஓடுகிறது! இரண்டு மணி நேரம் போனது. மேல்கீழ் இப்போது சரி. ஆனால் பக்கவாட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பசை போடலாமா? அத்தோடு ஒரு அரியத்தின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள்.

பழைய லாப்காரன், கொட்டாஞ்சேனை:
மேல்கீழ் விலகலைத்தான் கண் பொறுக்காது, உங்கள் தலையிடி அதனால் வந்தது. பக்கவாட்டில் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று. வலக்கண்ணின் படம் இடப்பக்கம் விலகி நின்றால் கண்கள் சற்று உள்ளே திரும்பினால் போதும், அது நமக்குப் பழக்கம். வலப்பக்கம் நின்றால் கண்கள் வெளியே விரியவேண்டும், அது முடியாது. இன்னொரு தரம் தள்ளவேண்டும்.

அந்தக் கோடுகள் பூஞ்சணம். வெளிமுகத்தில் என்றால் வில்லைத் தாளில் ஒரு துளி ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு மெல்லத் துடையுங்கள். ஒட்டிய ஓரங்களில் ஊற விடாதீர்கள். கோடு கண்ணாடியையே அரித்திருந்தால் தழும்பு போகாது, ஆனால் ஓரத்தில் என்பதால் படத்தைக் கெடுக்காது. கடல்காற்றுப் படுகிற வெள்ளவத்தை வீட்டில் துணி உறை போதாது. இறுக்கமான மூடி போட்ட பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

வெள்ளவத்தை ரீச்சர்:
வலக்கண் படம் இடப்பக்கம்தான் நிற்கிறது அண்ணா. பசை போட்டு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டேன். இன்று காலை ரியோ இலையின் ஊதா மேற்றோலை வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். ஒரே படம், தலையிடி இல்லை. கோடுகளும் துடைத்ததில் முக்கால்வாசி போய்விட்டன. சனிக்கிழமை பிள்ளைகளுக்கு உப்புக்கரைசல் விட்டு முதலுருச்சுருக்கம் காட்டப்போகிறேன். மிக்க நன்றி.

தெஹிவளை:
ரீச்சர், அந்தக் குறுக்கு மயிர் ஒட்டிய பார்வைத்துண்டை ஒரு கிழமைக்கு இரவல் தருவீர்களா? எங்கள் வீட்டுப் பழைய இருகண் தொலைநோக்கியிலும் இதே வருத்தம்.

பழைய லாப்காரன், கொட்டாஞ்சேனை:
தம்பி, அது தொலைநோக்கியில் பொருந்தாது. உங்கள் பிரச்சினையைத் தனியாக எழுதுங்கள். எந்தக் கண்ணில் படம் மேலே நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.